எட்டுப் பல்லில் ஒன்று

பல் செட் செய்வது என் தொழில். காரைக்குடி செக்காலை ரோட்டிலிருந்து பிரிகிற ஒரு சந்தில், பல் டாக்டர் ஒருவருடைய கிளினிக்கின் பின்னறை எனக்கு. முன்னறையில் டாக்டர் அளவெடுத்து அனுப்புவார். பின்னறையில் நான் பிளாஸ்டர் ஊற்றி, மெழுகில் பல் அடுக்கி, வேகவைத்து, தேய்த்துப் பளபளப்பாக்கிக் கொடுப்பேன். பள்ளிக்கூடம் எட்டாம் வகுப்போடு நின்றுபோனது. அதற்குப் பிறகு படித்ததெல்லாம் கைக்குக் கிடைத்த புத்தகங்களும், மனிதர்கள் பேசுவதைக் காதில் வாங்கிக்கொண்டதும்தான்.

புதுப் பல் போட்டவர்கள் முதல் வாரத்தில் சொல்வதை நான் தவற விடுவதே இல்லை. ஓர் ஆச்சி சொன்னார்கள், "வாய்க்குள்ள யாரோ புதுசாக் குடிவந்த மாதிரி இருக்கு தம்பி. இன்னும் முகங்கொடுத்துப் பேச மாட்டேங்குறாக." மலேசியாவிலிருந்து லீவில் வந்து பல் கட்டிக்கொண்டு போன பாய் ஒருவர் அங்கிருந்து போன் போட்டு, "நீங்க செஞ்ச பல்லு மலாய் நல்லாப் பேசுதுங்க. தமிழ்தான் கொஞ்சம் தடுக்குது" என்றார். இப்படிப்பட்ட பேச்சுக்காகவே இந்தத் தொழிலில் இத்தனை வருஷம் இருந்துவிட்டேன் என்றுகூட நினைப்பதுண்டு.

போன மே மாதம், பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த வாரம், டீச்சர் என் அறைக்கு வந்தார். பெண்கள் பள்ளியில் பதினொன்று, பன்னிரண்டுக்கு விலங்கியல் எடுப்பவர். அவருக்கு இரண்டு கடைவாய்ப் பற்கள் நான்தான் செய்து கொடுத்திருந்தேன். அவற்றைக் காட்டத்தான் வந்திருக்கிறார் என்று ஸ்டூலை இழுத்துப் போட்டேன்.

"பல்லு நல்லா இருக்குண்ணே. இது வேற. ஒங்களால ஒரு தாடை செஞ்சு குடுக்க முடியுமா? ஒண்ணரை அடி நீளத்துக்கு."

"யானைக்கா டீச்சர்?"

"மூஞ்சூறுக்கு."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. கைப்பையிலிருந்து நாலைந்து தாள்களை எடுத்து என் பிளாஸ்டர் மேசை மேல் விரித்தார். பாறைப் பலகை ஒன்றில் நசுங்கிப்போய்க் கிடந்த சின்ன எலும்புகளின் படம். பக்கத்தில் அதன் தாடையைப் பெரிதாக்கிக் கோட்டுப் படமாக வரைந்திருந்தார்கள்.

விஷயம் இதுதான். உயிரியல் குரூப்பில் சேர இந்த வருஷம் ஆளில்லை. எல்லோரும் காமர்ஸ், இல்லையென்றால் கம்ப்யூட்டர். பன்னிரண்டு பெண்கள்தான் பெயர் கொடுத்திருந்தார்கள். பதினைந்து பேராவது சேராவிட்டால் பதினொன்றாம் வகுப்பு உயிரியலை இந்த ஆண்டு நடத்துவதில்லை என்று தலைமையாசிரியை சொல்லிவிட்டார். ஒரு வருஷம் நிறுத்தினால் மறு வருஷம் திறப்பது அத்தனை சுலபமில்லை. அட்மிஷனுக்குப் பெற்றோர் வருகிற சனிக்கிழமை ஒரு கண்காட்சி வைத்து, உயிரியல் என்றால் என்ன என்று காட்டிவிடலாம் என்பது டீச்சரின் திட்டம்.

"மூணு பிள்ளைக வேணும்ணே. மூணே மூணு."

"அதுக்கு மூஞ்சூறு எதுக்கு? இதயம், நுரையீரல்னு வச்சா வர மாட்டாகளா?"

"அது எல்லா வருஷமும் வைக்கிறது. வந்து பாத்துட்டு டீயக் குடிச்சுட்டுப் போயிருவாக."

பிறகு அவர் விளக்கினார். குட்டியை வயிற்றுக்குள்ளேயே வைத்து, நஞ்சுக்கொடி வழியாக ஊட்டி, ஓரளவு வளர்த்துப் பெற்றுப்போடுகிற வகை நாம். மாடு, எலி, திமிங்கிலம் எல்லாம் இந்த வகைதான். கங்காரு பக்கத்துக் கிளை. அது மொச்சைக்கொட்டை போல ஒரு குட்டியைப் பெற்று, மீதி வளர்ப்பையெல்லாம் வெளியே, பைக்குள் வைத்துச் செய்யும். இரண்டு கிளைகளும் ஒரு காலத்தில் ஒன்றாக இருந்து பிரிந்தவை. பிரிந்ததற்குப் பின் நம் பக்கத்தில் கிடைத்திருக்கிற மிகப் பழைய எலும்புகளில் ஒன்று, சீனாவில் கிடைத்த இந்த மூஞ்சூறு போன்ற பிராணி. டைனோசர்களின் காலடியில் ஓடித் திரிந்தது.

"நம்ம பக்கந்தான்னு எப்படித் தெரியும்?"

"பல்ல வச்சுத்தான்" என்றார் டீச்சர். "அதான் ஒங்ககிட்ட வந்தேன்."

அந்த ஒரு வார்த்தையில் நான் விழுந்துவிட்டேன். இத்தனை வருஷம் பல் செய்தும் பல்லுக்கு இப்படி ஒரு மரியாதை உண்டென்று எனக்கு யாரும் சொன்னதில்லை.

அன்று சாயங்காலமே வேலை தொடங்கியது. தாடைக்குப் பிளாஸ்டர். பல்லுக்கு, பல் நிறத் தூளைத் திரவம் விட்டுக் குழைத்துச் செய்கிற அக்ரிலிக். மேலும் கீழும் அசைய அலமாரிக் கீல் ஒன்றைப் பொருத்தினேன். ஒரு பக்கத்து வாய் மட்டும்தான்; மேலும் கீழும் கோரைப்பல்லுக்குப் பின்னால் எட்டெட்டுப் பற்கள். முன்னால் வருபவை ஒடுங்கி, முள் மாதிரி. பின்னால் வருபவை அகலம். அந்த அகலப் பல்லைச் செதுக்கும்போதுதான் கவனித்தேன். கீழ்ப் பல்லின் பின்பாதியில் ஒரு சின்னக் குழி. மேல்பல்லில் ஒரு மேடு. வாயை மூடினால் மேடு சரியாகக் குழிக்குள் இறங்குகிறது. உரலும் உலக்கையுமேதான். பூச்சியின் மேலோட்டைப் பல்லின் முன்பகுதி வெட்டித் தர, பின்பகுதி இடிக்கும். நான் ஆச்சிகளுக்கு அடுக்குகிற பல்லிலும் இதே மேடு, இதே குழி. நேற்றுவரை அது எனக்கு வெறும் தொழில்.

ஆனால் வேலை நடக்க நடக்கத் தலைக்குள் குழப்பம் கூடிக்கொண்டே போனது. டீச்சர் தினமும் அட்மிஷன் வேலை முடிந்து எட்டிப் பார்ப்பார். நான் தினமும் ஒரு கேள்வி வைத்திருப்பேன். அவர் தினமும் ஒரு பதில் சொல்லி என்னை இன்னும் கொஞ்சம் குழப்பிவிட்டுப் போவார்.

"இதுக்கு வயசென்ன டீச்சர்?"

"பதினாறு கோடி வருசம்ங்கிறாக. இல்ல, அது கெடந்த பாறைக்கே அம்புட்டு வயசு இருக்காதுன்னும் சிலபேர் சொல்றாக."

"சரி, நம்ம வகை எப்பத்தான் தொடங்குச்சு?"

"மரபணுவ வச்சுக் கணக்குப் போடுறவுக, டைனோசர் இருக்கும்போதே இன்னைக்கு இருக்கிற கிளைகள்லாம் பிரிஞ்சிருச்சுங்கிறாக. எலும்பத் தேடுறவுக, அந்தக் காலத்துப் பாறையில நம்ம கிளைகளோட எலும்பு ஒண்ணும் உறுதியாக் கெடைக்கலியே, டைனோசர் போன பின்னாடிதான வரிசையா வருதுங்கிறாக."

"ரெண்டுல எது நெசம்?"

"அதுக்குத்தாண்ணே இன்னும் பேசிக்கிட்டு இருக்காக."

நான் ஆசையாக ஓர் அட்டையில் 'நம் அனைவருக்கும் தாய்' என்று பெரிதாக எழுதி வைத்திருந்தேன். அந்தப் பிராணிக்கு அதைக் கண்டெடுத்தவர்கள் வைத்த பெயருக்கே ஜுராசிக் காலத்துத் தாய் என்றுதான் பொருளாம். அதே ஊர்ப்பக்கம் பிந்திய காலத்துப் பாறையில் கிடைத்த இன்னொன்றுக்கு விடியலின் தாய் என்று பெயர். அதற்கு ரோமம்கூடக் கல்லில் பதிந்திருக்கிறது. டீச்சர் என் அட்டையைப் பார்த்து உதட்டைச் சுழித்தார்.

"தாய்னு போடாதீகண்ணே."

"அவுகளே தாய்னுதான டீச்சர் பேரு வச்சிருக்காக?"

"பேரு வச்சாக. ஆனா இதோட வயித்துல இருந்துதான் நாம வந்தோம்னு யாரும் சொல்லல. நேர் வரிசையில இருந்த உசுரா, பங்காளி வீட்டு உசுரான்னு எலும்ப வச்சு அடிச்சுச் சொல்ல முடியாது."

எங்கள் ஊரில் பங்காளியா, சம்பந்தியா என்று தெரியாமல் ஒரு ஆளுக்குப் பந்தியில் இலை போடவே தயங்குவார்கள். இங்கே என்னடாவென்றால் ஒருத்தியைப் பலகையில் படுக்க வைத்து, தாய் என்று பெயர் சூட்டி, உறவு என்ன என்று கேட்டால் தெரியாது என்கிறார்கள். அட்டையைத் திருப்பிப் போட்டு, 'நம் கிளையின் மிகப் பழைய உறவு' என்று எழுதி, கீழே நஞ்சுக்கொடி வழியாகக் குட்டிக்கு ஊட்டுகிற வகை என்றும் சேர்த்தேன். எழுதிவிட்டு, பழைய உறவு என்று சொல்லலாமா என்று எனக்கே சந்தேகம் வந்தது.

வியாழக்கிழமை காலை தாடையை வர்ணம் பூச வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தேன். வாசலில் காயவைத்த தாடையைப் பார்த்து என் மனைவி, "எந்நேரமும் வாயத் தெறந்தபடியே இருக்கே, ஒங்கள மாதிரி" என்றாள். அப்போது மானகிரியிலிருந்து மொபெட்டில் பால் கொண்டுவருகிற அம்மா வந்து நின்றார். எங்கள் தெருவுக்கே அவர்தான் பால்.

"என்னாண்ணே இது? மொதலையா?"

"மூஞ்சூறு."

"ஆத்தீ! எந்த ஊரு மூஞ்சூறு?"

நான் தாடையைத் திறந்து மூடிக் காட்டி, தெரிந்ததைச் சொன்னேன். அவர் கேனைத் திறந்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார். சனிக்கிழமை பள்ளிக்கூடத்துக்கு வந்தால் முழுதாகப் பார்க்கலாம் என்றேன்.

"வரத்தான் வேணும். எம் மக பத்துப் பாஸாயிட்டா. காமர்ஸுக்குப் பாரம் எழுதியாச்சு. ஒங்க மூஞ்சூறையும் பாத்துக்கிறேன்" என்று வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் டீச்சர் வந்தார். வேலை முடிந்துவிட்டது என்று நான் துணியை விலக்கிக் காட்டினேன். அவர் கீழ்த்தாடையில் கோரைப்பல்லுக்கு அடுத்ததிலிருந்து விரலை வைத்து எண்ணினார். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. ஐந்தாவதில் விரல் நின்றது. குனிந்து பார்த்தார். படத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். மறுபடி எண்ணினார்.

"அண்ணே, இதுல எத்தன முள்ளுப் பல்லு?"

"இருக்கிறபடிதான் டீச்சர். மொத்தம் எட்டு."

"மொத்தம் சரி. முன்கடைவாய்ப் பல்லு அஞ்சு, பின்கடைவாய்ப் பல்லு மூணு இருக்கணும். நீங்க நாலும் நாலுமா வச்சிருக்கீக."

நானும் பார்த்தேன். ஐந்தாவது பல், முள் மாதிரி இருக்க வேண்டியது, மழமழவென்று அகலமாக, குழியோடு உட்கார்ந்திருந்தது. எப்போது அதை அப்படிச் செய்தேன் என்று எனக்கு ஞாபகமே இல்லை. கை செய்திருக்கிறது. பல் செட் தொழிலில் பின்பக்கம் கூர்மையான பல் விட மாட்டோம். கன்னத்தைக் கிழித்துவிடும், நாக்கில் புண் வரும், மறுநாளே ஆள் வந்து நிற்பார். கூர் தட்டுப்பட்டால் தேய், அகலமாக்கு, மெல்ல வசதி பண்ணு. முப்பது வருஷமாக இதுதான் பழக்கம். பதினாறு கோடி வருஷத்துக்கு முந்தின மூஞ்சூறுக்கும் நான் வாய்ப்புண் வராமல் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

"ஒரு பல்லுதான டீச்சர்?"

"ஒரு பல்லுதாண்ணே. ஆனா பின்கடைவாய்ப் பல்லு நாலுன்னா அது கங்காரு பக்கத்துக் கணக்கு. அங்க முன்னால மூணுதான் இருக்கும். நீங்க செஞ்சது அங்குட்டும் சேராது, இங்குட்டும் சேராது."

"அப்ப இது எந்தப் பக்கம்?"

"காரைக்குடிப் பக்கம்" என்றார் டீச்சர். அந்த வாரத்தில் அவர் சிரித்தது அப்போதுதான். சிரித்து முடித்ததும் முகம் வாடிவிட்டது. "நாளைக்குக் காலையில ஒம்பது மணிக்கு ஜனங்க வந்துருவாகளே."

நான் அந்தப் பல்லை அறுத்து எடுத்தேன். புதிதாகச் செய்ய டப்பாவைத் திறந்தால் பல் நிறத் தூள் அடியில் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். சின்னச் சின்னப் பல்லுக்கு வாங்கி வைப்பது. ஒண்ணரை அடித் தாடை தின்றுவிட்டது. மதுரையிலிருந்து வரவழைக்க நேரமில்லை. என்னிடம் நிறைய இருந்தது ஈறு செய்கிற ரோஸ் தூள்தான். அதைக் குழைத்து, படத்தைக் கண்ணெதிரே ஒட்டிவைத்து, கூர் மழுங்காமல் ஒரு முள்ளைச் செய்து பொருத்தினேன். மேலே வெள்ளை பூசினால் விடிவதற்குள் காயாது, கை பட்டால் உரியும். அப்படியே விட்டேன். கீழ்வரிசை எட்டில் ஏழு பல் வெள்ளை, ஒரு பல் ரோஸ்.

சனிக்கிழமை பள்ளி ஹாலில் அந்தத் தாடையை வைத்து ஓரமாக நின்றேன். இதயத்தைப் பார்த்தவர்கள் நடந்துகொண்டே பார்த்தார்கள். தாடையின் முன்னால் மட்டும் நின்றார்கள். நின்றது மூஞ்சூறுக்காக இல்லை.

"இது என்னங்க, சொத்தையா?"

"தங்கப் பல்லு மாதிரி எதுவும் கட்டியிருக்கீகளா?"

ஒவ்வொருவருக்கும் சொன்னேன். அது என் தப்பு. இந்த ஒரு பல்லை மாற்றி வைத்துவிட்டேன், அதனால் இந்தப் பிராணி நம் கிளையிலிருந்தே கழன்று போய்விட்டது, டீச்சர் கண்டுபிடித்தார், மாற்றினேன். ஒரு பல்லில் அவ்வளவு இருக்கிறதா என்று அவர்கள் தாடையைத் திறந்து மூடி, எட்டையும் எண்ணிப் பார்த்தார்கள். மதியத்துக்குள் இரண்டு பெண்கள் உயிரியலுக்கு மாற்றிப் பெயர் எழுதினார்கள். பதினான்கு. டீச்சர் என்னைப் பார்த்து ஒரு விரலைக் காட்டினார். இன்னும் ஒன்று.

மூன்று மணி வாக்கில் பால்காரம்மா வந்தார், மகளைக் கூட்டிக்கொண்டு. சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தபடி, "லேட்டாயிருச்சு. காலையில செவலப்பசு கன்னு போட்டுச்சு. இளங்கொடி விழுகிறவரைக்கும் கூடவே நின்னு, அத வைக்கோல்ல சுத்தி ஆலமரத்துல கட்டிட்டு வாரேன்" என்றார். பால் வடிகிற மரத்தில் இளங்கொடியை, அதாவது கன்றுக்குப் பின்னால் விழுகிற நஞ்சுக்கொடியை, கட்டினால் மாட்டுக்குப் பால் குறையாது என்று எங்கள் பக்கத்தில் எல்லோரும் செய்வது. மானகிரிப் பக்கம் அந்த மரத்தில் எப்போதும் நாலு மூட்டை தொங்கும்.

நான் வழக்கம்போல ரோஸ் பல்லில் தொடங்கினேன். அவர் பல்லைப் பார்க்கவே இல்லை. அட்டையில் எழுதியிருந்ததை மகளைப் படிக்கச் சொல்லிக் கேட்டார். நஞ்சுக்கொடி என்ற இடம் வந்ததும் நிறுத்தச் சொன்னார்.

"அண்ணே, இதுக்கு இளங்கொடி விழுந்துச்சா?"

"என்னது?"

"இந்த மூஞ்சூறு குட்டி போட்டுச்சுல்ல, அப்ப இளங்கொடி விழுந்துச்சான்னு கேக்குறேன். கொடி வழியா ஊட்டுற வகைன்னு நீங்கதான எழுதி வச்சிருக்கீக?"

 ஒரு வாரமாக ஆயிரம் கேள்வி கேட்டவன், இதை மட்டும் கேட்கவில்லை. டீச்சரைக் கூப்பிட்டேன்.

டீச்சர் வந்து கேள்வியைக் கேட்டுக்கொண்டார். பிறகு சொன்னார், "தெரியாதும்மா. கொடி சதை. அது அழுகிப்போயிரும், கல்லுல பதியாது. எலும்பும் பல்லுந்தான் மிச்சம். இதுக்குப் பின்னாடி காலத்துல வாழ்ந்த இன்னொண்ணுல இடுப்பெலும்பு இருக்கு. அதுக்கு முன்னால ரெண்டு சின்ன எலும்பு நீட்டிக்கிட்டு இருக்கு, கங்காருக்கு இருக்கிற மாதிரி. மாட்டுக்கும் நமக்கும் அது கெடையாது. அந்த எலும்பு இருந்தா வயிறு பெருசா உப்ப முடியாதுன்னு சொல்றாக. அதனால குட்டி ரொம்பச் சின்னதாத்தான் பொறந்திருக்கும்னு நெனைக்கிறாக."

"அப்ப பல்லு நம்ம பல்லு. இடுப்பு கங்காரு இடுப்பு."

"ஆமா."

"கொடி இருந்துச்சா இல்லையா?"

"ஏதோ ஒரு மாதிரி இருந்திருக்கலாம். கங்காருக்கும் கொஞ்ச நாளைக்கு ஒண்ணு இருக்கும். ஆனா இதுக்கு எப்படின்னு தெரியாது."

"இம்புட்டுப் பெரிய தாடையச் செஞ்சு, போர்டு வச்சு, கடைசியில தெரியாதுங்கிறீகளே!" பால்காரம்மா என்னைப் பார்த்துத்தான் சொன்னார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவர் மகள் மட்டும் சிரிக்காமல், தாடையைப் பிடித்து அதன் வாயைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள். இருவரும் பெயர் கொடுக்காமலே போய்விட்டார்கள். ஐந்து மணிக்கு ஹாலைப் பூட்டும்போது பதினான்குதான். திங்கட்கிழமை கணக்கு முடித்துவிடுவோம் என்று தலைமையாசிரியை சொல்லிவிட்டுப் போனார்.

தாடையை எடுத்து வரும் வழியில் டீச்சரிடம், "ஏதாச்சும் ஒரு பதிலச் சொல்லியிருக்கலாம்ல டீச்சர்? 'இருந்துச்சு'ன்னு சொன்னா யாரு போயி பாக்கப் போறாக?" என்றேன். அவர் நடையை வேகமாக்கினார். நான் கேட்டிருக்கக் கூடாது.

ஞாயிற்றுக்கிழமை காலை பால் வந்தது. அந்த அம்மா வண்டியை விட்டு இறங்கி, கேனைத் தொடாமல் நின்றார்.

"அண்ணே, ஒண்ணு கேக்கணும். அந்த வகுப்புல 'தெரியாது'ன்னு சொன்னா திட்ட மாட்டாகளே?"

"டீச்சரே தெரியாதுன்னாகளே, நீங்கதான் கேட்டீக."

"அதான் கேக்குறேன். எம் மக ராத்திரி பூரா அந்த இடுப்பெலும்பையே பேசிக்கிட்டு இருக்கா. காமர்ஸ் பாரத்தக் கிழிச்சுப் போட்டுட்டா. எனக்குத்தான் ஒண்ணும் புரியல. தெரியாத ஒண்ண எதுக்குப் போயிப் படிக்கணும்?"

எனக்கும் புரியவில்லை என்றுதான் சொன்னேன். அப்படிச் சொன்னது நல்லதா கெட்டதா என்றும் தெரியவில்லை. அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "நீங்களும் இப்படித்தானா" என்று பாலை ஊற்றினார்.

திங்கட்கிழமை அந்தப் பெண் தன் தோழியையும் இழுத்துக்கொண்டு போய்ப் பெயர் எழுதினாள். பதினாறு. வகுப்பு நடக்கிறது. தாடை உயிரியல் லேப்பில் இருக்கிறது. பல் நிறத் தூள் வந்ததும் ஐந்தாவது பல்லை வெள்ளையாக மாற்றித் தருகிறேன் என்று போனேன். டீச்சர் மாற்ற விடவில்லை. அதைக் காட்டித்தான் பாடம் தொடங்குகிறாராம்.

எனக்குக் குழப்பம் தீரவில்லை. கிளினிக்கில் ஓர் ஆச்சிக்குப் பின்பல் அடுக்கும்போது, கூர்முனையைத் தேய்க்கப் போன கை அங்கேயே நின்றுவிடுகிறது. இது யார் வைத்த மேடு, யார் வைத்த குழி என்று யோசித்துக்கொண்டிருப்பேன். ஆச்சி முன்னறையிலிருந்து, "என்ன தம்பி, இன்னைக்குள்ள பல்லு வருமா?" என்று குரல் கொடுப்பார்கள்.

பால்காரம்மா மட்டும் விடுவதில்லை. வாரத்துக்கு ஒரு தரமாவது கேனைச் சாய்த்தபடி கேட்பார்.

"என்னாண்ணே, ஏதாச்சும் தெரிஞ்சுச்சா? இளங்கொடி?"

"இல்ல. இன்னும் இல்ல."

"எம் மகளும் அதத்தான் சொல்றா. புஸ்தகமெல்லாம் வாங்கிக் குடுத்துட்டேன்." அளவுக்கு மேல் கொஞ்சம் பால் ஊற்றிவிட்டு, மூடியைத் திருகுவார். "சரி, மெதுவாத் தெரியட்டும். நான் தெனமும் இந்தப் பக்கந்தான வாரேன்."